பாவு ஓடாமல் தறியில் உட்கார்ந்த கதை

(கடையநல்லூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நாவல் எழுதியிருக்கியாமே, அதைப் பத்திக் கால் மணி நேரம் பேசு" என்று நம் சங்கச் செயலாளர் போனில் சொன்னார். முதலில் ஒரு திருத்தம். நான் எழுதியிருப்பது நாவலின் முதல் படி மட்டுமே. சிவில்காரன் பாஷையில் சொன்னால், கான்கிரீட் போட்டாச்சு, பூச்சு வேலை பாக்கி. அதை ஒரே மாதத்தில் எழுதினேன் என்பது உண்மை. அதற்கு முன்னால் ஒரு தடவை எழுத உட்கார்ந்து தோற்றேன் என்பதும் உண்மை. தோற்ற கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

ஒரு மாதத்தில் நாவல் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ் பேட்டி என்பவர் இருபது நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மாதத்தில் 50,000 வார்த்தை எழுதுவது என்று விளையாட்டாக ஆரம்பித்தார். மறுவருடம் அதை நவம்பருக்கு மாற்றினார்கள். பிறகு உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் நவம்பர் வந்தால் எழுத உட்கார்ந்தார்கள். அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. ஆனால் மாதத்தை யாரும் மூட முடியாதல்லவா!

நமக்கும் இது புதிதில்லை. 'ராணி முத்து' 1969-லேயே மாதம் ஒரு நாவல் போட ஆரம்பித்தது. பிறகு மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல். பஸ் ஸ்டாண்டுக் கடையில் வரிசையாகத் தொங்கும். ராஜேஷ்குமார் இதுவரை 1,500-க்கும் மேல் நாவல் எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு மாதக் கெடு தவறாமல் எழுதிய மனிதர். இலக்கியமா இல்லையா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். கெடுவுக்குள் முடித்துக் கொடுப்பது எத்தனை பெரிய காரியம் என்று சைட்டில் வேலை பார்க்கிற நமக்குத் தெரியும்.

2019 நவம்பரில் நானும் உட்கார்ந்தேன். தென்காசி தனி மாவட்டமான அதே மாதம். இன்ஜினியர் இல்லையா, 24 அத்தியாயத்துக்கும் பார் சார்ட் போட்டேன். எந்த அத்தியாயம் எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று கலர் கலராகக் கட்டங்கள். கதை எங்கள் நெசவாளர் தெருவைப் பற்றியது. என் அப்பா சிறுவனாக இருந்தபோது ஒரு கார்த்திகை மாதம் மழை விடவே இல்லை. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அந்த மாதத்தைக் குடும்பங்கள் எப்படித் தாண்டின என்பதுதான் நாவல்.

நாலாவது அத்தியாயத்தில், மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில், கதாநாயகன் தறியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எந்தக் கால் முதலில் மிதிக்கும்? நாடாவை இழுக்கிற கை எது? இழை அறுந்தால் முதலில் என்ன செய்வார்கள்? எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும், என் பன்னிரண்டு வயது வரை தாத்தாவின் தறிச் சத்தத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். கேட்கலாம் என்றால் தாத்தா 2018-இல் தவறிவிட்டார். யூடியூபில் தேடினேன். வேறு ஊர் நெசவாளர், வேறு வார்த்தைகள். பதினோராம் நாள், 8,700 வார்த்தையில் நோட்டை மூடினேன். பார் சார்ட் மட்டும் அழகாக இருந்தது.

ஊருக்கு வந்தபோது ஆச்சியிடம் இதைச் சொன்னேன். வெற்றிலையை இடித்துக்கொண்டே, "ஏல, பாவு ஓடாம தறியில உக்காந்து என்னத்தலே நெய்வ?" என்றாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். நெய்வதற்கு முன்னால் விடியற்காலையில் தெருவில் நீளமாக விரித்து, கஞ்சி போட்டு, நீவி, அறுந்த இழைகளைப் பிணைத்து, காயவைத்துச் சுருட்டுவார்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரும் நிற்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் நாடா ஓடும். நம் தொழிலிலும் அப்படித்தானே? ரூஃப் கான்கிரீட் போடுகிற அன்றைக்குக் காலையில் ஜல்லிக்கு ஆர்டர் சொல்கிறவனை என்ன சொல்வோம்? சென்ட்ரிங், கம்பி, கவர் பிளாக், மழை வந்தால் மூடத் தார்ப்பாய் எல்லாம் முந்தின நாளே இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த ஜாயிண்ட்டில்தான் பின்னால் ஒழுகும்.

தஸ்தயேவ்ஸ்கி 'சூதாடி' நாவலை 26 நாளில் முடித்த கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1866 அக்டோபர். நவம்பர் முதல் தேதிக்குள் கொடுக்காவிட்டால் ஒன்பது வருடத்துக்கு அவர் எழுத்தைக் காசில்லாமல் அச்சிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்று ஒப்பந்தம். அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணிடம் சொல்லச் சொல்ல அவர் எழுதி எடுத்தார். மறுவருடம் இருவருக்கும் கல்யாணம். எல்லோரும் இந்த 26 நாளைத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கதையின் கருவை அவர் 1863-லேயே ஒரு நண்பருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். சூதாட்ட மேசையில் சொந்தக் காசைத் தோற்ற அனுபவமும் கையில் இருந்தது. மூன்று வருடப் பாவு, 26 நாள் நெசவு.

ஆகவே 2023-இல் நான் பார் சார்ட் போடவில்லை. புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் திருநெல்வேலியிலிருந்து கடையநல்லூருக்கு பஸ் ஏறினேன். ஆச்சிக்கு அப்போது 84 வயது. முதல் நாள் போனில் ரெக்கார்ட் போட்டேன். போனைப் பார்த்ததும் ஆபீசரிடம் பேசுகிற மாதிரி விறைத்துக்கொண்டாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். வந்தது பாருங்கள்! மழைக்காலத்தில் கஞ்சி காயாமல் பாவு புளித்து நாறுவது, தறிக்குழியில் ஊற்றெடுத்து விடிய விடியத் தண்ணீர் மொண்டு கொட்டுவது, பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று புகையைப் பார்ப்பது. லாங் சைஸ் நோட்டில் இடது பக்கம் வார்த்தைகள், வலது பக்கம் நடந்தவை. 140 வார்த்தை சேர்ந்தது. அதில் பாதி என் அப்பாவுக்கே தெரியாது. கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார் என்று படித்தபோது, எதற்கு இந்த மெனக்கெடு என்று நினைத்தவன் நான். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் புரிந்தது. தெருவின் படமும் வரைந்தேன். எந்த வீட்டில் கிணறு, எங்கே பாவு விரிப்பார்கள் என்று ஆச்சி விரலை வைத்துக் காட்டினாள்.

மற்ற ஏற்பாடுகள் சின்னவை. கார்த்திகை 30 நாளில் தீபத்துக்கும் கல்யாண வீடுகளுக்கும் சைட் அவசரத்துக்கும் நாலு நாளைத் தள்ளி, 26 நாள். காலை நாலரை முதல் ஆறரை வரை. முந்தின நாள் எழுதியதைத் திரும்பப் படிக்கக் கூடாது. அளவையும் 30,000 வார்த்தையாகக் குறைத்துக்கொண்டேன். சோம்பேறித்தனம் இல்லை. ஆங்கிலத்தில் மூன்று வார்த்தை பிடிப்பது தமிழில் 'வந்துகொண்டிருந்தான்' என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். 50,000 என்ற கணக்கு அவர்கள் பாஷைக்குச் சரி. வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "ஒரு மாசம்தானே" என்றாள். அந்தத் 'தானே'யில் இருந்த அர்த்தத்தைக் கல்யாணமானவர்கள் அறிவீர்கள்.

கார்த்திகை கடைசி நாள், டிசம்பர் 16-ஆம் தேதி, 28,400 வார்த்தையில் முற்றுப்புள்ளி வைத்தேன். மறுநாள் ஆரம்பித்த மழையில் நம் தென்மாவட்டங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதன்பின் ஒரு மாதம் நோட்டைத் தொட நேரமில்லை.

தை மாதம் மூன்று சாயங்காலம் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். பாதி நேரம் தூங்கினாள். தறிக்குழித் தண்ணீரைக் கதாநாயகி பித்தளைச் செம்பால் மொண்டு ஊற்றுகிற இடம் வந்தது. கண்ணை மூடியிருந்தவள் சொன்னாள்: "பித்தளைச் செம்பா? அது அப்பவே அடகுக் கடையிலல்லா கெடந்துச்சு. மண்சட்டியிலல்லா மொண்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணச் சீராக வந்த செம்பு அது. தாத்தா அதை அடகு வைத்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "ஏன் ஆச்சி, அப்பவே சொல்லலை?" என்றேன்.

"நீ கேக்கலையே" என்றாள்.

அந்த அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். செம்பைத் திருப்பினார்களா, இல்லை முழுகியே போய்விட்டதா என்று கேட்டுவைத்திருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. சந்திப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்குத்தான் போகிறேன்.