அடைபட்ட வரத்துக்கால்



கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டிலே பிறந்து வளர்ந்தவன் நான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண், ஐப்பசி மழை கண்டதும் வெடிப்பு மூடி நீரைத் தன்னுள் வைத்துப் போற்றும். எஞ்சிய மழைநீர் ஓடையாகி, வரத்துக்கால் வழியே கண்மாயைச் சேரும். வரத்துக்கால் தூர்ந்துபோனால் என்ன நேரும் என்பது எங்கள் ஊர்ச் சிறுவர்க்கும் தெரியும். அதே நிகழ்ச்சி மனித உடலிலும் நேர்வதுண்டு என்பதை நான் மருத்துவக் கல்லூரியிலேதான் அறிந்தேன். அறிந்த அன்று எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை, துயரமே உண்டாயிற்று.

காரணம் கூறுகிறேன். 1978ஆம் ஆண்டு, பருத்தி எடுக்கும் காலம். எங்கள் பள்ளியில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்த தோழன் ஒருவன், ஒரு மாலைப்பொழுதில் திடீரெனக் குருதி குருதியாக வாந்தி எடுத்தான். பத்து வயது நிரம்பாதவன். அவன் இடப்பக்க வயிறு எப்போதும் சற்றுப் புடைத்திருக்கும். அதற்காக நாங்கள் அவனைக் கேலி செய்ததுண்டு. காசநோய் என்றனர் சிலர். காற்றுச் சேட்டை என்றனர் சிலர். குறி கேட்பதிலும் மந்திரிப்பதிலும் மூன்று நாட்கள் கழிந்தன. நான்காம் நாள் அவன் மீண்டும் குருதி கக்கினான், பின்னர் எழவில்லை.

ஆண்டுகள் பல கழிந்தன. கல்லூரியின் உடற்கூற்றுக் கூடத்தில் எங்கள் ஆசிரியர் ஒரு சிரையை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நீளமே உள்ளது அது. வாயிற் சிரை என்று பெயர். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரளும் குருதியைக் கல்லீரலுக்குக் கொண்டு சேர்ப்பது அதுவே. கல்லீரல் பெறும் குருதியில் முக்கால் பங்கு அவ்வழியே வருகிறது. கல்லீரலைக் கண்மாய் என்று கொண்டால், வாயிற் சிரை அதன் வரத்துக்கால்.

அச்சிரைக்குள் குருதி உறைந்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பின்னே தேங்கிய குருதி மண்ணீரலை வீங்கச் செய்யும். புதுவழி தேடி, உணவுக்குழலின் அடிப்பகுதியிலும் இரைப்பையிலும் உள்ள மெல்லிய சிரைகளுக்குள் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்யும். மெலிந்த வரப்பு ஒருநாள் உடைவதுபோல் அவை ஒருநாள் வெடிக்கும். என் தோழனின் புடைத்த வயிற்றுக்கும் அந்த மாலைக்கும் உள்ள தொடர்பு அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இங்கே நீங்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குருதி வாந்தி என்றதும் மதுவால் கெட்ட கல்லீரலையே பலரும் நினைக்கின்றனர். ஆனால் இந்நோயால் வருந்தும் சிறுவர்களுக்குக் கல்லீரல் பெரும்பாலும் பழுதற்றதாகவே இருக்கும். கண்மாய் நன்றாக உள்ளது. கால் மட்டுமே அடைபட்டது. ஆகவேதான் குருதிப் பெருக்கைத் தடுத்துவிட்டால் இவர்கள் நெடுநாள் வாழ்வர்.

வேறு கால் வெட்டி நீரைத் திருப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1877இல் ருஷ்ய நாட்டு நிக்கொலாய் எக் என்பவர், நாய்களின் வாயிற் சிரையை உடலின் பெருஞ்சிரையோடு இணைத்துப் பார்த்தார். 1893இல் பாவ்லவும் அவர்தம் துணைவரும் அவ்வகை நாய்களை ஆராய்ந்தனர். இறைச்சி உண்டபின் அவை மயங்கித் தடுமாறின. கல்லீரல் தூய்மை செய்யாத குருதி மூளையைத் தாக்கியதே காரணம். கண்மாயை முற்றும் வறளவிடும் வாய்க்கால் நல்ல வாய்க்காலன்று என்னும் பாடம் அன்றே கிடைத்தது.

1945இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் குழுவினர் மனிதரிடம் இத்தகைய இணைப்புகளைச் செய்து வெளியிட்டனர். மண்ணீரலை அகற்றி, அதன் சிரையை இடச் சிறுநீரகச் சிரையோடு தைக்கும் முறையும் அக்காலத்திலே வளர்ந்தது. 1967இல் டீன் வாரன், மண்ணீரலை அகற்றாமலே அதன் சிரையைத் திருப்பிவிடும் வழி கண்டார். இணைக்கத்தக்க சிரை அகப்படாதபோது, புடைத்த சிரைகளுக்குச் செல்லும் கிளைகளையெல்லாம் துண்டிப்பதும் உண்டு. ஜப்பானியரான சுகியுரா 1973இல் அதனை விரிவாக எடுத்துரைத்தார். பெல்ஜிய நாட்டு டெ வில் டெ குவாயே 1992இல் வெளியிட்ட முறையோ வியப்புக்குரியது. குழந்தையின் கழுத்துச் சிரை ஒன்றை எடுத்து, அடைப்பைத் தாண்டிக் கல்லீரலுக்குள்ளிருக்கும் வாயிற் சிரைக் கிளையோடு இணைக்கிறார்கள். நீர் வேறெங்கும் போகாமல் பழைய கண்மாய்க்கே மீளுகிறது. அக்கிளை அடைபடாதிருந்தால் மட்டுமே இது கைகூடும்.

இன்று எல்லோருக்கும் உடனே கத்தி எடுப்பதில்லை. முதலில் குருதி ஏற்றி, மருந்து செலுத்தி, எண்டாஸ்கோப் குழாய் வழியே புடைத்த சிரைகளுக்கு ரப்பர் வளையம் இடுகின்றனர். அதற்கும் அடங்காமல் குருதி மீண்டும் மீண்டும் பெருகினாலும், மண்ணீரல் மிகப் பெருத்தாலும் அறுவையை நாடுகின்றனர். நோயாளியின் ஊர் மருத்துவமனைக்கு எட்டாத் தொலைவில் இருப்பதும் அறுவைக்கு ஒரு காரணமாகக் கொள்ளப்படுகிறது. கோவில்பட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நள்ளிரவில் குருதி கக்கும் குழந்தைக்கு அது நெடுந்தொலைவல்லவா?

இத்துறை நம் நாட்டில் தழைக்க உழைத்தவர்களுள் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ரங்கபாஷ்யம் முதன்மையானவர். இரைப்பை, குடல், கல்லீரல் அறுவைக்கெனத் தனித்துறை அமைத்து மாணவர் பலரை உருவாக்கினார் அவர்.

அடைப்பு ஏன் நேர்கிறது? பலரிடம் காரணம் புலப்படுவதில்லை. சிலரிடம் பிறந்த சில நாட்களில் தொப்புளில் ஏற்பட்ட சீழே காரணமாகிறது. தொப்புட் சிரை வாயிற் சிரையின் கிளையைச் சென்று சேர்வதால் கிருமி அவ்வழியே உட்புகும். ஆகவே, தொப்புளில் சாம்பலோ சாணமோ வைக்காதீர்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். குருதி வாந்தியோ, தார்போல் கறுத்த மலமோ கண்டால் ஒரு நாழிகையும் தாழ்த்த வேண்டா. 108 வண்டியை அழையுங்கள். மண்ணீரல் அகற்றப்பட்டவர் உரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதும், காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை நாடுவதும் இன்றியமையாதவை.

என் தோழன் மறைந்தபோது, சிரையை இணைக்கும் அறுவை உலகில் தோன்றி 30 ஆண்டுகள் கடந்திருந்தன. அறிவு இருந்தது, அது எங்கள் சிற்றூர் வரை வந்து சேரவில்லை. அந்த வரத்துக்காலும் அடைபட்டே கிடந்தது. அதைத் தூர்வாரும் பணி உங்களுடையது.