டவரை விட்டுட்டு பஸ் ஏறுங்க: டொரண்டோவில் ரெண்டு நாள்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, டொரண்டோ வரேன். ரெண்டு நாள்தான் ஃப்ரீ. கையில பெருசா காசு இல்லை. என்ன பாக்கலாம், என்ன சாப்பிடலாம்?" நான் இந்த ஊர்ல வேலை பாக்குறதால எனக்கே இந்தக் கேள்வி வருது. சரி, ஒரு எபிசோடாவே போட்டுடலாம்னு உட்கார்ந்தேன்.

இணையத்துல தேடினா எல்லா லிஸ்ட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிஎன் டவர், மீன் காட்சியகம், நயாகரா. தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா இந்த ஊரை நான் பாக்கிற விதம் வேற. டொரண்டோவுல நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்னு தெரியணும்னா, வாடகை எங்க கம்மின்னு பாருங்க. 2021 கணக்கெடுப்புப்படி இங்க சுமார் 28 லட்சம் பேர். அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் வேற நாட்டில் பிறந்து இங்க குடியேறினவங்க. புதுசா வந்தவங்க கடை போடுற மாதிரி இடம் எங்க இருக்கோ, அங்கதான் ருசியும் இருக்கு. அந்த இடம் மாறிக்கிட்டே இருக்கு. இன்னைக்கு பேசப்போற எல்லாமே அதோட சேர்ந்ததுதான்.

முதல் நாள்: டவுன்டவுன்

டவரை முதல்ல முடிச்சிடுவோம். 553 மீட்டர் உயரம், 1976-ல திறந்தாங்க. துபாய்ல புர்ஜ் கலீஃபா வளர்ந்து 2007-ல முந்துற வரைக்கும், தனியா நிக்கிற கட்டுமானங்கள்ல உலகத்துலயே உயரமானது. மேல ஏற 40 டாலருக்கு மேல ஆகும். ஊர்ல எங்க நின்னாலும் அது சும்மாவே தெரியும். காசை சாப்பாட்டுக்கு வைங்கன்னு சொல்லுவேன்.

நேரா சிட்டி ஹால் போங்க. ரெண்டு வளைஞ்ச கட்டடம், நடுவுல தட்டு மாதிரி ஒண்ணு, முன்னாடி பெரிய எழுத்துல ஊர் பேர். எல்லாரும் போட்டோ எடுக்கிற இடம். நீங்களும் எடுங்க. எடுத்துட்டு ஒரு நிமிஷம் கீழ பாருங்க. நீங்க நிக்கிற இடமும் சுத்தியிருக்கிற தெருக்களும் ஒரு காலத்துல இந்த ஊரோட முதல் சைனாடவுன். 1965-ல திறந்த இந்த சிட்டி ஹாலுக்காகவும் சதுக்கத்துக்காகவும் அதுல பெரும்பகுதியை அரசாங்கம் கையகப்படுத்தி இடிச்சிடுச்சு. கடைக்காரங்க மேற்கால நகர்ந்து ஸ்பெடைனா தெருவுக்குப் போனாங்க. இன்னைக்கு நாம சைனாடவுன்னு சொல்றது அதைத்தான்.

அதே வழியில நீங்களும் டண்டாஸ் தெருவுல நடந்து போங்க, 20 நிமிஷம்கூட ஆகாது. வழியிலேயே ஒன்டாரியோ ஓவியக் கூடம் இருக்கு. கட்டடத்தை மாத்தி வடிவமைச்ச ஃபிராங்க் கெரி இந்த ஊர்லயே பிறந்தவர். புதன்கிழமை சாயங்காலம் 6-லிருந்து 9 வரை அனுமதி இலவசம், முடிஞ்சா அந்த நாளாப் பாத்து வாங்க. ஸ்பெடைனாவுல டம்ப்ளிங் சாப்பிட்டு, பக்கத்துத் தெருவுல திரும்பினா கென்சிங்டன் மார்க்கெட்.

கென்சிங்டன் என் ஃபேவரைட். 1920-கள்ல, 30-கள்ல இது யூதர்களோட சந்தை, வீட்டு முன்பக்கத்தையே கடையா மாத்தினாங்க. அவங்க வடக்கே நகர்ந்ததும் போர்ச்சுகீசியர் வந்தாங்க. அப்புறம் கரீபியன், சீனர், லத்தீன் அமெரிக்கர். இப்பவும் ரெண்டு பழைய யூத ஆலயங்கள் அங்க இருக்கு, கொஞ்ச தூரத்துல டாக்கோ கடை, எம்பனாடா கடை, மீன் கடை, பழைய துணிக் கடை. வாடகை ஏறுதுன்னு இங்கயும் பயம் உண்டு. அதுக்காக ஊர்க்காரங்களே ஒரு நில அறக்கட்டளை ஆரம்பிச்சு, 2021-ல ஒரு கட்டடத்தை வாங்கினாங்க. குடியிருக்கிறவங்களும் கடைக்காரங்களும் வெளியே போக வேண்டியதில்லைங்கிறதுதான் நோக்கம்.

சாயங்காலம் ஏரிக்கரைக்கு இறங்கி தீவுகளுக்கு ஃபெர்ரி பிடிங்க. போக வர சுமார் 9 டாலர், பயணம் கால் மணி நேரம். டவரோட சேர்த்து முழு நகரமும் தெரியிற போட்டோ இங்கதான் கிடைக்கும். குளிர்காலத்துல வார்ட்ஸ் ஐலண்ட் ஃபெர்ரி மட்டும்தான் ஓடும். பரவாயில்லை, எனக்கும் அந்தப் பக்கம்தான் பிடிக்கும். கார் இல்லாத சின்னச் சின்னத் தெரு, மர வீடு, தோட்டம். சுமார் 260 வீடு. 1950-கள்லேர்ந்து பூங்கா போடணும்னு இந்த வீடுகளை ஒவ்வொண்ணா இடிச்சுட்டு வந்தாங்க. மிச்சம் இருந்தவங்க எழும்ப மாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க. 1980-ல வெளியேத்த வந்த அதிகாரிகளைப் பாலத்துலயே மறிச்சாங்க. 1993-ல மாகாண அரசு சட்டம் போட்டு 99 வருஷக் குத்தகை கொடுத்துச்சு. இந்த வீடுகளைச் சந்தை விலைக்கு விக்க முடியாது, வாங்கணும்னா 500 பேர் இருக்கிற காத்திருப்புப் பட்டியல்ல இடம் கிடைக்கணும். ஏரி பாத்த வீடு, கோடீஸ்வரன் வாங்க முடியாது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது.

ரெண்டாவது நாள்: ஸ்காபரோ

இதுக்குத்தான் இந்த எபிசோடே. ஸ்காபரோ 1998 வரைக்கும் தனி ஊர். அந்த வருஷம்தான் ஆறு நகராட்சிகளைச் சேர்த்து ஒரே டொரண்டோ ஆக்கினாங்க. டவுன்டவுன் ஆட்கள் பல பேர் இன்னும் அதை "ரொம்ப தூரம்"னு சொல்லுவாங்க. தூரம்தான். பச்சை நிற லைன் 2 மெட்ரோவில் கிழக்குக் கடைசி கென்னடி ஸ்டேஷன். அங்கிருந்து முன்னாடி ஒரு சின்ன ரயில் ஓடிச்சு. 2023 ஜூலையில் அதோட ஒரு பெட்டி தடம் புரண்டது. அப்புறம் அந்த லைனைத் திறக்கவே இல்லை, பஸ்தான் விட்டிருக்காங்க. 7.8 கிலோமீட்டர் புது மெட்ரோ கட்டிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் பஸ்ல ஜன்னல் சீட் பிடிங்க.

போற வழியிலேயே முதல் சாப்பாடு. வார்டன், பாதர்ஸ்ட் மாதிரி சில மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ளேயே ஜமைக்கன் பேட்டி விக்கிறாங்க. மஞ்சள் நிற மாவு, உள்ளே காரமான கறி. நம்ம ஊர் பஃப்ஸுக்கு ஜமைக்கா அண்ணன்னு வச்சுக்கோங்க. இதுக்குப் பின்னாடி ஒரு சண்டையே இருக்கு. 1985-ல மத்திய அரசு ஆய்வாளர்கள் வந்து, "பீஃப் பேட்டின்னா பர்கருக்குள்ள வைக்கிறதுதான், நீங்க அந்தப் பேரை வைக்கக்கூடாது"ன்னு கடைக்காரங்ககிட்ட சொன்னாங்க. கடைக்காரங்க விடலை. கடைசியில "ஜமைக்கன் பேட்டி"ன்னு போடலாம்னு சமரசம் ஆச்சு. பேருக்காகச் சண்டை போட்டு ஜெயிச்ச பலகாரம்!

ஸ்காபரோவுல நீங்க தேட வேண்டியது பிளாசா. முன்னாடி கார் நிறுத்துற இடம், பின்னாடி ஒரே மாடியில வரிசையா பத்துப் பதினைஞ்சு கடை. பாக்க அழகே இருக்காது. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம், கார் வச்சிருக்கிற குடும்பங்களுக்காகக் கட்டினது. பெரிய மால்கள் வந்ததும் பிளாசாக்களோட மவுசு போச்சு, வாடகை குறைஞ்சுது. அந்த நேரத்துலதான் பக்கத்து அடுக்குமாடிகள்ல உலகம் முழுக்கவிருந்து ஆட்கள் வந்து இறங்கினாங்க. கூட்டிக் கழிச்சுப் பாத்தா, ஒரே பிளாசாவுல ஆப்கான் ரொட்டி, பிலிப்பினோ பேக்கரி, டிரினிடாட் டபுள்ஸ், சிரிய ஷவர்மா. லாரன்ஸ் தெருவுல விக்டோரியா பார்க்குக்குக் கிழக்கே இறங்கி நடந்தாலே போதும்.

மூணு விஷயம் கண்டிப்பா சாப்பிடுங்க.

ஒண்ணு, டபுள்ஸ். பூரி மாதிரி ரெண்டு மெத்துன்னு இருக்கும், நடுவுல கொண்டைக்கடலை. ஒப்பந்தக் கூலிகளா டிரினிடாட் போன இந்தியர்களோட சமையல்லேர்ந்து வந்தது. அங்க போய், மாறி, இங்க வந்திருக்கு.

ரெண்டு, ஹக்கா. போர்டுல "ஹக்கா"ன்னு இருந்தா உள்ளே போங்க. சில்லி சிக்கன், மஞ்சூரியன், நம்ம தெரு முனை ஃபாஸ்ட் ஃபுட் ருசி அப்படியே இருக்கும். ஏன்னா இவங்கள்ல பல பேர் கொல்கத்தா டாங்ரா பகுதிச் சீனக் குடும்பங்கள். 1962 போர் சமயத்துல இந்தியா தன் ஊர்ச் சீனர்களையே பிடிச்சு ராஜஸ்தான் தியோலி முகாமில் அடைச்சுது. அப்புறம் பல குடும்பங்கள் நாட்டை விட்டுக் கிளம்பி இந்த ஊருக்கு வந்தாங்க. அந்தத் தட்டுக்குப் பின்னாடி அந்தக் கதையும் இருக்கு.

மூணு, கொத்து ரொட்டி. மார்க்கம் ரோடு, லாரன்ஸ் பக்கம் போனீங்கன்னா கடைப் பலகையெல்லாம் தமிழ்ல இருக்கும். நாம "டொரண்டோ"ன்னு எழுதுறதை அவங்க "ரொறன்ரோ"ன்னு எழுதுவாங்க. முதல் தடவை எனக்கு வேற ஊரோன்னு தோணுச்சு. 1983 ஜூலைக்குப் பிறகு உயிரைக் கையில பிடிச்சுட்டு வந்த ஈழத்தமிழர்கள் கட்டின தெரு இது. 1986 ஆகஸ்ட்ல 155 பேர் நியூஃபவுண்ட்லாந்து கடல்ல ரெண்டு உயிர்காப்புப் படகுல மிதந்துட்டு இருந்ததை மீனவர்கள் கண்டுபிடிச்சுக் காப்பாத்தினாங்க. அப்படியும் வந்தாங்க. உள்ளே போனதும், "என்ன வேணும், சொல்லுங்கோ தம்பி"ன்னு ஒரு அக்கா கேப்பாங்க. மட்டன் ரோல்ஸ், இடியப்பம், சொதி, சம்பல், ஒரு தேத்தண்ணி. பக்கத்து மேசையில வயசானவங்க ஊர்க்கதை கதைச்சிட்டு இருப்பாங்க. அவசரப்படாதீங்க, கொஞ்ச நேரம் உட்காருங்க.

சாப்பிட்டது செரிக்கணும்னா ஸ்காபரோ பிளஃப்ஸ். ஏரியை ஒட்டி சுமார் 15 கிலோமீட்டருக்கு களிமண், மணல் பாறைச் சுவர், சில இடத்துல 90 மீட்டர் உயரம். மேல விளிம்புல மட்டும் நிக்காதீங்க, மண் சரியும்.

ஏன் இப்பவே?

எக்ளிண்டன் தெருவுல "கோல்டன் மைல்"னு ஒரு இடம். 1959-ல எலிசபெத் ராணியே வந்து அங்க ஒரு பிளாசாவைப் பாத்துட்டுப் போனாங்க, அப்போ அது அவ்வளவு பெருமை. 2020-ல நகராட்சி அந்தப் பகுதிக்குப் புதுத் திட்டம் போட்டுடுச்சு. கார் நிறுத்துமிடங்களும் பிளாசாக்களும் போய், உயர அடுக்குமாடிகள் வரும். மெட்ரோ வர்ற இடமெல்லாம் இந்தக் கதைதான்.

வீடு வேணாம்னு யாரும் சொல்ல முடியாது. வாடகை கட்ட முடியாம நாலு பேர் ஒரு அறையில இருக்கிற ஸ்டூடண்ட்ஸ் நம்ம கேக்குறவங்கள்லயே இருக்கீங்க. ஆனா புதுக் கட்டடத்தோட தரைத் தளத்துல பழைய ரோல்ஸ் கடை திரும்ப வருமா? அந்த வாடகைக்கு வங்கியும் பெரிய காபிக் கடையும்தான் தாங்கும். தீவுக்காரங்க சட்டம் வாங்கினாங்க, கென்சிங்டன்காரங்க கட்டடம் வாங்கினாங்க. பிளாசாக்காரங்களுக்கு இன்னும் அப்படி ஒண்ணு அமையலை. அதனால டவர் எங்கயும் போகாது, அடுத்த தடவை பாத்துக்கலாம். பிளாசாவை இந்தத் தடவையே பாத்துடுங்க.

கடைசியா கொஞ்சம் டிப்ஸ். பஸ், டிராம், மெட்ரோ எல்லாத்துக்கும் உங்க பேங்க் கார்டையே தட்டலாம். ஒரு தடவை 3 டாலர் 30 சென்ட், ரெண்டு மணி நேரத்துக்குள்ள எத்தனை தடவை வேணாலும் ஏறி இறங்கலாம். ஒரே கார்டைத் தட்டணும், அவ்வளவுதான். சின்னக் கடைகளுக்குக் கொஞ்சம் சில்லறைக் காசு வச்சுக்கோங்க. குளிர்ல மாட்டினா டவுன்டவுன்ல 30 கிலோமீட்டர் சுரங்கப் பாதை இருக்கு, பாத்னு பேரு.

உங்க ஊர்ல இப்படி வாடகையால காணாமப் போன சாப்பாட்டுக் கடை எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன். நல்லா சாப்பிடுங்க மக்களே, பை!