இரு கருவிகள், ஓர் உயிரணு

மைக்ராஸ்கோப்புகளுள் எது மிகப் பெரிதாக்கிக் காட்டுகிறதோ அதுவே சிறந்தது, ஏனையவற்றைப் பொருட்காட்சிச் சாலைக்கு அனுப்பிவிடலாம் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். மருத்துவ ஆராய்ச்சிக் கூடங்களில் நடப்பதோ வேறு.

ஒளியைக் கொண்டு காணும் மைக்ராஸ்கோப்புக்கு ஓர் எல்லை உண்டென்பதை ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே 1873-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஒரு மில்லிமீட்டரை 5,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அதனினும் நெருங்கிய இரு புள்ளிகள் அதில் ஒன்றாகவே தோன்றும். 1931-இல் பெர்லினில் ருஸ்காவும் க்னோலும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை உருவாக்கினர்; சில ஆண்டுகளில் அந்த எல்லை கடக்கப்பட்டது. 1945-இல் நியூயார்க்கில் போர்ட்டர், கிளாடு, புல்லம் ஆகிய மூவர் கோழிக்கருவின் முழு உயிரணுவை அதில் படமெடுத்தபோது, உள்ளே மெல்லிய பின்னலொன்று புலப்பட்டது.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. அக்கருவியினுள் காற்றில்லை; உயிரணு அங்கே பிழைக்காது. அதை ரசாயனங்களில் ஊறவைத்து, நீரை நீக்கி, பிசினில் பதித்து, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் 10,000 ஏடுகளுக்கு மேல் கிடைக்கும்படி சீவ வேண்டும். படமும் கறுப்பு வெள்ளைதான். எல்லாம் தெரியும்; நாம் தேடும் புரதம் எதுவென்று மட்டும் தெரியாது.

அதைச் சொல்ல ஒளி வேண்டும். 1962-இல் ஷிமோமுராவும் துணைவரும் சொறிமீனிலிருந்து கண்டறிந்த பச்சை ஒளிர்புரதத்தை நமக்கு வேண்டிய புரதத்தோடு இணைத்துவிட்டால், உயிருள்ள அணுவிலேயே அதன் நடமாட்டத்தைக் காணலாம். இரவில் குன்றேறி ஊரைப் பார்ப்பது போன்றது அது. விளக்கேந்திச் செல்பவன் தெரிவான். யார் வீட்டுத் திண்ணையில் நிற்கிறான் என்பது தெரியாது.

வைரஸ் புகுந்த திசுவொன்றை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் அணுக்களில் ஒரு சிலவே தொற்றுண்டிருக்கலாம். அவை எவையென்று ஒளி காட்ட, அவற்றுள் வைரஸ் எந்த அறையில் பெருகுகிறதென்று எலெக்ட்ரான் காட்டுகிறது. ஓர் அணுவை ஒன்றிலும் வேறோர் அணுவை மற்றொன்றிலும் கண்டு முடிவு கட்டினால் அது ஊகமே. ஒரே இடத்தை இரண்டிலும் கண்டால்தான் சான்று.

தொல்லையும் அங்கேதான். கருவி மாறியதும் இடம் தவறிவிடும். ஆகவே எழுத்தும் எண்ணும் பொறித்த கண்ணாடித் தகட்டில் அணுக்களை வளர்க்கிறார்கள். இரு படங்களிலும் தெரியும் நுண்மணிகளையும் தூவுகிறார்கள். நில அளவையில் எல்லைக்கற்கள் செய்யும் வேலையை அவை செய்கின்றன. பதப்படுத்தும் ரசாயனங்கள் ஒளியை அணைத்துவிடுவதும் உண்டு. அதைத் தவிர்க்க, நீர் பனிப்படிகமாவதற்குள் அணுவை நொடியில் உறையவைக்கும் முறை பயன்படுகிறது. அதற்கு வழிகண்ட டுபோஷே 2017-இல் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

2006-இல் அமெரிக்காவில் எரிக் பெட்சிக் குழுவினர், ஒளிர்மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக ஒளிரச்செய்து, ஒளியாலேயே ஆபேயின் எல்லையைத் தாண்டினர். குரங்கின் சிறுநீரக அணுவிலிருந்து சீவிய ஏடொன்றை அவ்வாறு படமெடுத்து, அதே ஏட்டை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பிலும் வைத்தனர். ஒரு படத்தின்மேல் மற்றொன்றைப் பொருத்தியபோது, ஒளிப்புள்ளிகள் மைட்டோகாண்டிரியாவின் வடிவத்தோடு பொருந்தி நின்றன.