பொய்த் தாடையும் மெய் மண்டையோடும்



மாந்தன் எங்கே தோன்றினான், எவ்வாறு வளர்ந்தான் என்னும் வினாக்களுக்குரிய விடை மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றது. அதனைத் தோண்டுவோர் உண்மையைத் தேடின், அவ்விடை வெளிப்படும். தம் பெருமையைத் தேடின், மறைந்து போகும். இங்கிலாந்து நாட்டறிஞர் எய்திய இழுக்கு இதற்கு நல்ல சான்றாகும்.

1912 திசம்பர் 18. இலண்டன் நிலவியற் கழகத்தில் சார்லசு டாசன் என்னும் வழக்கறிஞரும், பிரித்தானிய அருங்காட்சியகத்து ஆர்தர் இசுமித்து உட்வர்டும் சில எலும்புத் துண்டுகளை அவைமுன் வைத்தனர். சசெக்சுப் பகுதியில், பில்ட்டவுன் என்னும் ஊரின் சரளைக் குழியில் கிடைத்தவை அவை. மண்டையோடு மாந்தனுடையது போன்றது. தாடையோ வாலில்லாக் குரங்கினுடையது போன்றது. முதலில் மூளை பெருத்தது, பின்னரே பிற உறுப்புகள் மாறின என்று நம்பியோர்க்கு இது தேனாய் இனித்தது. அதனினும் இனித்தது, அம் முந்துமாந்தன் இங்கிலாந்தில் பிறந்தவன் என்பது! அன்றே ஐயுற்றோரும் இருந்தனர். அவர்தம் குரல் எடுபடவில்லை.

1924-இல், தென்னாப்பிரிக்காவில் தாவுங்கு என்னுமிடத்துச் சுண்ணக்கல் சுரங்கத்திலிருந்து ஒரு குழந்தையின் மண்டையோடு உடற்கூற்றறிஞர் இரேமண்டு டார்ட்டின் கைக்கு வந்தது. மூளையோ சிறியது. ஆயின், தண்டுவடம் நுழையும் துளை மண்டையின் பின்புறம் இராது அடிப்புறம் இருந்தது. தலை முதுகெலும்பின்மேல் நேராக நின்றது என்பதே இதன் பொருள். எனவே, அவ்வுயிர் நிமிர்ந்து நடந்தது என்றார் டார்ட்டு. மாந்தனின் முன்னோர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்திருக்கக்கூடும் என்று டார்வின் 1871-இலேயே எழுதியிருந்தார். எனினும், 1925-இல் டார்ட்டின் கட்டுரை வெளிவந்தபோது இலண்டன் அறிஞர் பலர், அது வெறும் குரங்குக் குட்டி என ஒதுக்கினர். குழந்தையின் மண்டையோடாதலின் ஐயுற இடமிருந்தது மெய்யே. ஆயினும், பில்ட்டவுன் மாந்தனுக்கு அது நேர்மாறாய் இருந்ததும் ஒரு தடையாயிற்று.

1936 முதல் இராபர்ட்டு புரூம் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தோரின் எலும்புகளையே கண்டெடுத்தார். டார்ட்டின் கூற்று வலுப்பெற்றது. மண்ணில் கிடக்கும் எலும்பு, நிலத்தடி நீரிலுள்ள புளோரினைச் சிறிது சிறிதாக ஏற்கும். அதனை அளந்து ஆய்ந்த ஓக்லி, பில்ட்டவுன் எலும்புகள் சொல்லப்பட்ட அளவு பழைமை உடையன அல்ல என 1949-இல் காட்டினார். 1953-இல் அவரும் ஆக்சுபோர்டு அறிஞர் வீனர், இலி கிராசு கிளார்க்கு ஆகியோரும் முழுப் பொய்யையும் உடைத்தனர். தாடை ஒராங்குட்டானுடையது! பற்கள் அரத்தால் அராவப்பட்டவை, எலும்புகள் சாயமேற்றப்பட்டவை. 41 ஆண்டுகள் ஒரு பொய் அரியணையில் வீற்றிருந்தது!

1978-இல் தான்சானியாவின் இலேட்டோலியில் மேரி இலீக்கி குழுவினர் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகளைக் கண்டனர். அவை ஏறத்தாழ 36 நூறாயிரம் ஆண்டுப் பழைமையின. ஆக, முதலில் நிமிர்ந்தது கால். மூளை பெருத்தது பன்னூறாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே. மொராக்கோவில் கிடைத்த நம் இனத்து மூத்த எலும்புகள் ஏறத்தாழ 3 நூறாயிரம் ஆண்டுப் பழைமையின என 2017-இல் அறிவிக்கப்பட்டது. வெள்ளையர், கருப்பர் எனும் வேற்றுமையின்றி மாந்தர் அனைவர்க்கும் ஆப்பிரிக்காவே தாய்நிலம்.

பெருமக்களே! பொய்யை ஏற்றதும் இங்கிலாந்து. அதனை உடைத்ததும் இங்கிலாந்து. முன்னது அந்நாட்டுக்கு இழுக்கு, பின்னதே பெருமை. பழம்பெருமை பேசும் இனம் எதுவாயினும், தனக்கு இனிக்கும் சான்றையே முதலில் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும். பொய்யால் உயர்ந்த இனம் ஞாலத்தில் இல்லை.

மெய் வெல்க!