கருவி கொடுப்பவரும் நம்ம உறவுதான்

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாங்கள் மைக்கைப் பிடித்தால் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்றுதான் ஆரம்பிப்போம். நீங்களும் "ஆரம்பிச்சுட்டாங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக வீட்டுக்கதை பேசுவீர்கள். இன்றைக்கு வேறு விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறோம். தென்னை மரம் ஏறும் நம் சகோதரிகளைப் பற்றியும், அவர்களுக்குக் கருவி செய்து கொடுப்பவர்களைப் பற்றியும் பேசப் போகிறோம். மரம் ஏறாதவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். தையல் மெஷின், மாவு மெஷின், பால் கறக்கும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

ஆட்டுக் கொட்டகையில் தூங்கிய மெஷின்

நம் கூட்டமைப்பில் ஒரு குழு. ஊர் பெயர் வேண்டாம். அந்தக் குழுவில் மூன்று பேர் மெஷின் வைத்துத் தென்னை ஏறப் பயிற்சி எடுத்தார்கள். கடன் போட்டு மெஷினும் வாங்கினார்கள். முதல் சில மாதம் நல்ல வேலை. தோட்டக்காரர்கள் போன் போட்டுக் கூப்பிட்டார்கள். "பொம்பளைங்க ஏறறாங்களாம்" என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களே பிறகு வேலைக்கு அழைத்தார்கள்.

அதில் ஒரு சகோதரியின் மெஷினில் கம்பிக்கயிறு நைந்து போக ஆரம்பித்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டோம். "மெஷினைக் கெடுத்துட்டேன்னு சொல்லுவாங்கல்ல, அதான்" என்றார். அதே கயிற்றோடு இன்னும் இரண்டு வாரம் ஏறியிருக்கிறார். ஒருநாள் பாதி மரத்தில் கயிறு வழுக்கி, மெஷின் சிக்கிக்கொண்டது. மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கீழே இருந்தது தோட்டத்துப் பாட்டி ஒருவர் மட்டும். அவர் ஓடிப்போய், பக்கத்துத் தோட்டத்தில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்து, அவர் ஏறி இறக்கும் வரைக்கும் அரைமணி நேரம் ஆகிவிட்டது. நெஞ்சிலும் கையிலும் சிராய்ப்போடு போயிற்று. நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் எங்களுக்கு வயிறு கலங்குகிறது.

அன்றோடு மூன்று மெஷினும் ஆட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டன. மெஷின் தூங்கியது. தவணை தூங்கவில்லை.

இந்த மெஷினை யார் செய்தது, கம்பிக்கயிறு எங்கே கிடைக்கும் என்று கேட்டோம். அவர்களுக்குத் தெரியவில்லை. பில்லும் இல்லை. இதில் எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் போட்டோ எடுத்தோம், "மூன்று பேர் பயன் பெற்றனர்" என்று ரிப்போர்ட் எழுதினோம், அடுத்த ஊருக்குப் போய்விட்டோம். கருவி கொடுத்தவரின் முகத்தை அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை.

பட்டறை அண்ணன் வந்தார்

பிறகு விசாரித்து, மெஷின் செய்த பட்டறையைக் கண்டுபிடித்தோம். குழுக் கூட்டத்துக்கு வரச் சொன்னோம். சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குப் பயம். முதல் கால்மணி நேரம் சண்டைதான் நடந்தது. அவர் பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு மெஷினைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "யாரு ஏறறதுங்க? கொஞ்சம் ஏறிக் காட்டுங்கம்மா" என்றார்.

நான்கடி ஏறியதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கால் மாட்டும் இடம் ஆண்கள் காலுக்கு அளவெடுத்தது. நம் சகோதரியின் கால் அதில் நிற்காமல் ஆடுகிறது. ஆடினால் கயிறு ஒரே பக்கமாகத் தேயும். "இத்தனை வருஷமாச் செய்யறேன், பொம்பளைங்க ஏறி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லைங்க" என்றார். தேய்ந்ததற்குக் காரணம் அவர் கவனக்குறைவு இல்லை என்று தெரிந்ததும், அந்தச் சகோதரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறை அண்ணன் கால் வாரைச் சிறியதாக்கிக் கொடுத்தார். கயிறு மாற்றினார். கூடவே ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்தார். காலை ஊன்றும்போது நம் எடையில் கம்பிக்கயிறு மரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. காலைத் தூக்கும்போது தளர்கிறது. மெஷின் முழுவதும் அந்தப் பிடியில்தான் நிற்கிறது. அதனால் ஏறும் முன் பழைய பருத்தித் துணி ஒன்றைக் கயிற்றின் மேல் நீளமாக உருவிப் பாருங்கள். எங்காவது துணி மாட்டினால் அங்கே இழை அறுந்திருக்கிறது. அன்றைக்கு ஏறக் கூடாது. வெறும் கையால் தடவாதீர்கள், கிழித்துவிடும்.

இப்போது அவர் அந்தக் குழுவுக்கு "நம்ம பட்டறை அண்ணன்". ஆடி நோன்புக்கு அவர் வீட்டுக்கு இவர்கள் போகிறார்கள். புதிதாக ஒரு பாகம் செய்தால் முதலில் இவர்களிடம் கொடுத்து ஏறிப் பார்க்கச் சொல்கிறார்.

அந்தக் காலத்திலும் இப்படித்தான்

இது புதிய விஷயம் இல்லீங்க. எங்கள் குழுவில் ஒருவர் உடன்குடிப் பக்கத்துக்காரர், பனையேறிக் குடும்பம். அவர் தாத்தா காலத்துக் கதையைச் சொல்வார். பனையேறிக்குத் தளைநார், முருக்குத்தடி, பாளை அரிவாள், அரிவாள் பெட்டி, கலயம், கலயத்தில் தடவச் சுண்ணாம்பு என்று எல்லாமே வேண்டும். அரிவாளைக் கொல்லர் அடிப்பார், கலயத்தைக் குயவர் செய்வார். அரிவாள் முனை கொஞ்சம் வளைந்தாலும் பாளை சரியாகச் சீவாது, பதநீர் குறையும். அது கொல்லருக்கும் தெரியும். ஏறுகிறவர் பட்டறையில் உட்கார்ந்து, "இந்த இடத்துல இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பாராம். வாங்கியவரும் விற்றவரும் ஒரே ஊர், ஒரே திருவிழா. மோசமான அரிவாள் கொடுத்துவிட்டு ஊருக்குள் நடமாட முடியுமா?

இன்றைக்குக் கருவி லாரியில் வருகிறது. செய்தவர் ஒரு ஊர், விற்றவர் ஒரு ஊர், ஏறுகிறவர் ஒரு ஊர். அந்தப் பழைய உறவை நாம்தான் முயற்சி எடுத்து உண்டாக்க வேண்டும்.

மரத்துக்கும் டாக்டர்

இங்கிலாந்தில் மரம் ஏறிக் கிளை கழிப்பவர்கள், நோய் கண்ட மரத்தைக் கவனிப்பவர்களை 'ட்ரீ சர்ஜன்' என்கிறார்கள். அதாவது மரத்துக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர். சிரிக்காதீர்கள். நம் சகோதரிகள் செய்வதும் அதுதானே? மரத்தின் கொண்டையைச் சுத்தம் செய்கிறார்கள். காண்டாமிருக வண்டைக் கம்பியால் குத்தி எடுக்கிறார்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் வைக்கிறார்கள். தேங்காய் பறிப்பதோடு மரத்தின் உடம்பையும் பார்க்கிறார்கள். அவர்களும் மர டாக்டர்தான்.

அந்த நாட்டில் 1998-இல் வந்த விதிப்படி, ஆளைத் தாங்கும் கயிறு, பெல்ட் எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விஷயம் தெரிந்தவர் பரிசோதிக்க வேண்டும். கருவி விற்பவர்களில் பலர் இந்தப் பரிசோதனையையும் செய்து கொடுக்கிறார்கள். விற்றதோடு உறவு முடிவதில்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. மரத்தில் ஒருவர் ஏறினால் கீழே இன்னொருவர் இருந்தாக வேண்டும். அந்த வேலையிடத்தில், ஏறிப் போய் இறக்கத் தெரிந்த ஒருவர், அதற்கான கயிறோடு தயாராக இருக்க வேண்டும். நம் சகோதரி அரைமணி நேரம் மரத்தில் நின்றதை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1976-இல் செயின்ட் லூயிஸ் நகரில் இந்தத் தொழிலாளிகளுக்குள் ஒரு மரம் ஏறும் போட்டி ஆரம்பித்தது. அடிபட்டவரை மரத்திலிருந்து இறக்க நல்ல வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கம். பிறகு அது உலகப் போட்டியாக வளர்ந்தது. போட்டிக்கு முன் ஒவ்வொருவரின் கயிறும் பெல்ட்டும் சோதிக்கப்படும். சரியில்லை என்றால் அதோடு ஏற விடமாட்டார்கள். கருவி செய்பவர்களும் அங்கே வருகிறார்கள், ஏறுகிறவர்கள் சொல்வதைக் கேட்கிறார்கள். பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. இங்கிலாந்தின் ஜோசஃபின் ஹெட்ஜர் அதில் பலமுறை உலகப் பட்டம் வாங்கியவர்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்து விவசாயி எம்.ஜே. ஜோசப், அப்பச்சன் என்று சொல்வார்கள், அவர் உருவாக்கியதுதான் நின்றுகொண்டு ஏறும் மெஷின். தோட்டத்தின் கஷ்டம் தெரிந்தவர் கையில் பிறந்த கருவி. கொச்சியில் இருக்கும் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியபோது, கேரளத்துப் பெண்கள் நிறையப் பேர் மெஷின் ஏறப் பழகினார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: மெஷினோ பெல்ட்டோ வாங்கினால் பில் வாங்குங்கள். செய்தவர் பெயர், போன் நம்பர், வாங்கிய தேதி மூன்றையும் குழுவின் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

இரண்டு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை கருவிக் கூட்டம் போடுங்கள். பட்டறைக்காரரைக் கூப்பிட்டு டீ கொடுத்து உட்கார வையுங்கள். எல்லாக் கருவியையும் வெளியே எடுத்து எல்லோரும் பாருங்கள்.

மூன்று: குறை சொன்ன உறுப்பினரைத் திட்டாதீர்கள், அபராதம் போடாதீர்கள். "நல்லவேளை சொன்னே" என்று சொல்லுங்கள். திட்டுக்குப் பயந்து மறைத்த குறைதான் ஆளைக் கீழே தள்ளும்.

நான்கு: தனியாக ஏறக் கூடாது. ஜோடியாகப் போங்கள். இறக்கும் பழக்கத்தைத் தரையை ஒட்டிய உயரத்திலேயே முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

ஐந்து: நைலான் கயிறு, பெல்ட்டை வெயிலில் போட்டு வைக்காதீர்கள், வலு குறையும். உர மூட்டை, பேட்டரி பக்கத்திலும் வைக்காதீர்கள். நனைந்தால் நிழலில் காய வையுங்கள்.

ஆறு: ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. தொகை அவ்வப்போது மாறும் என்பதால் சேரும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உறவு என்றதும் கணக்கை விட்டுவிடாதீர்கள். "நம்ம அண்ணன்தானே" என்று பில் இல்லாமல் வாங்குவதும், "நம்ம பட்டறைதானே" என்று பாக்கியை இழுப்பதும் உறவைக் கெடுக்கும். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. சொன்ன தேதியில் பணம் கொடுங்கள். வேலை சரியில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். ஊரெல்லாம் சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் சிரித்துப் பேசினால் அது நட்பு இல்லை.

கடைசியாக ஒரு செய்தி. ஆட்டுக் கொட்டகையில் கிடந்த மூன்று மெஷினில் இரண்டு இப்போது வேலைக்குப் போகின்றன. மூன்றாவது இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்தச் சகோதரிக்கு மரத்தைப் பார்த்தால் இன்னும் பயம் போகவில்லை. அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை, நீங்களும் வற்புறுத்தாதீர்கள். அவர் இப்போது கீழே நின்று, மற்ற இருவரின் கயிற்றையும் துணி போட்டு உருவிப் பார்த்துத்தான் ஏற விடுகிறார். "நான் சரின்னு சொன்னாத்தான் ஏறணும்" என்கிறார். அவர்களும் அப்படியே கேட்கிறார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழுவில் யார் யாரிடம் என்ன கருவி இருக்கிறது, அதைச் செய்து கொடுத்தவர் யார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் தேடுவதற்கு நாங்களும் கூட வருகிறோம்.