பூங்காவும் வேண்டும், வீடும் வேண்டும்



பூங்காவைப் பற்றிப் பேச வழக்கறிஞர் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கோலாலம்பூரில் உள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் கதையைக் கேட்டால் புரியும்.

25 ஏக்கர் பூங்கா. காலையில் நடக்க வருபவர்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள், எல்லா இனத்தவரும் காசு கொடுக்காமல் உட்காரும் இடம். ஒரு காலத்தில் அந்தப் பகுதி புக்கிட் கியாரா ரப்பர் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டியவர்கள் நம் மக்கள். பிறகு தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1982-இல் தொழிலாளர் குடும்பங்களை நீண்ட வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகம் 40 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அங்கே பிறந்த பிள்ளைக்கே பிள்ளை பிறந்தாகிவிட்டது.

2017 ஜூலையில் ஒரு மேம்பாட்டுத் திட்டத்துக்கு மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. பூங்காவில் 12 ஏக்கர் போகும். 42 முதல் 54 மாடி வரை 8 கட்டடங்கள், 1,766 ஆடம்பர வீடுகள். கூடவே 350 மலிவு விலை வீடுகள். நீண்ட வீட்டுக் குடும்பங்களோ ஏறக்குறைய 100 தான். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எதிர்த்துக் கேட்டவர்களை, ஏழைக்கு வீடு கிடைப்பதைத் தடுப்பவர்கள் என்றார்கள். நம் பெயரைச் சொல்லி யார் பிழைக்கப் பார்த்தார்கள்?

நீண்ட வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. திட்டத்துக்குத் தலையாட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 35 வருடம் காத்திருந்தவருக்கு எந்தச் சாவியானாலும் பெரிதுதான். ஆனால் பூங்காவைக் கொடுத்தால்தான் உனக்கு வீடு என்று சொன்னது யார்? நீண்ட வீடு இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுங்கள் என்றுதான் பக்கத்துத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்களும் கேட்டார்கள்.

வழக்கு 2018-இல் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். நகரத் திட்டத்தில் பொதுப் பூங்கா என்று குறித்துவிட்டு, காரணம் சொல்லாமல் டத்தோ பண்டார் அதை மீற முடியாது. பாதிக்கப்படும் மக்களின் பேச்சைக் கேட்க வேண்டும். இதுதான் சாரம். இன்னொன்றும் வெளியே வந்தது. நிலத்தை வைத்திருந்த அறவாரியத்தின் நிர்வாகத்தில் டத்தோ பண்டாரும் இருந்தார். கேட்பவரும் அவர், கொடுப்பவரும் அவர்!

தோழர்களே, தீர்ப்பு பூங்காவைக் காத்தது. ஒரு வீட்டைக்கூடக் கட்டித் தரவில்லை. அந்த வழக்கில் கேட்கப்பட்டதும் அதுவல்ல. பத்திரிகைகள் பூங்காவைக் கொண்டாடின, நீண்ட வீட்டைப் பற்றி எழுதியது கொஞ்சம். அந்த மிச்ச வேலை நம்முடையது.

உங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்துத் திடலில் மேம்பாட்டு அறிவிப்புப் பலகை நட்டால், படம் எடுத்து வையுங்கள், தேதியோடு. குறித்த நாளுக்குள் ஆட்சேபக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மலாய்க்கார, சீன அண்டை வீட்டாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் வீட்டு வாக்குறுதிக் கடிதம், பழைய சம்பளச் சீட்டு, எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். கூட்டம் முடிந்து நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.