மருந்தை வெளியேற்றும் புரதமும் தாவரச் சேர்மங்களும்: தலைமை உரை



நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் வழியே அறிவியல் உலகம் பெயரறிந்த பொட்டிப்புரத்தில் கூடியுள்ள இக்கருத்தரங்கு, பல்மருந்து எதிர்ப்பை, அதாவது ஒரு மருந்துக்குப் பழகிய புற்றுச் செல்கள் அதனோடு தொடர்பற்ற வேறு பல மருந்துகளுக்கும் மசியாமல் போகும் நிலையை, ஆராய முற்படுகிறது.

இந்நிலைக்கான காரணங்களுள் முதன்மையான ஒன்று, 1976-இல் கனடாவில் ஜூலியானோ, விக்டர் லிங் ஆகிய ஆய்வாளர்களால் அறிவிக்கப்பட்டது. கால்கிசின் என்னும் நஞ்சைத் தாங்கிப் பிழைத்த வெள்ளெலிச் செல்களின் சவ்வில் மிகுந்திருந்த புரதத்துக்கு அவர்கள் பி-கிளைக்கோபுரதம் எனப் பெயரிட்டனர். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூற்றைச் செலவிட்டு, உள்ளே நுழையும் மருந்தைக் கமலை நீர் இறைப்பதுபோல வெளியே இறைத்துவிடும் இத்தகைய புரதங்கள் கடத்திப் புரதங்களுள் ஒரு வகையாகும்.

கால்கிசின், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் உள்ளது. புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படுகிறது. இரண்டையுமே இப்புரதம் வெளியேற்றுகிறது. குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளையின் நுண்குழாய்கள் ஆகியவற்றில் இயல்பாகவே அமைந்து, உணவோடு வரும் நச்சுகளிலிருந்து உடலைக் காப்பது இதன் பணியாதலால், தாவரப் பொருள்களோடு இது நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதில் வியப்பில்லை. அவற்றுள் சில வெளியேற்றப்படுவதற்கு மாறாக இதன் செயலைத் தடுக்கவும் கூடும் என்பதே இத்துறையின் நம்பிக்கை.

அந்நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. அருகிலுள்ள போடி மலைகளிலும் விளையும் மிளகின் காரப்பொருளான பைப்பரின், குடற்செல் வளர்ப்பில் பி-கிளைக்கோபுரதத்தைத் தடுப்பது 2002-இல் காட்டப்பட்டது. அரிசித் தவிட்டில் காணப்படும் பெருலிக் அமிலம், மருந்தெதிர்ப்புள்ள புற்றுச் செல்களை மருந்துக்கு இணங்கச் செய்வதை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டனர்.

எனினும் ஆய்வுத் தட்டில் கண்ட வெற்றி நோயாளியின் உடலில் அப்படியே கிட்டிவிடுவதில்லை. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் சுருவோவின் குழு, இதய மருந்தான வெராபமில் வின்கிரிஸ்டின் எதிர்ப்பை முறியடிப்பதைக் கண்டது. ஆனால் அதற்கு வேண்டிய அளவு நோயாளியின் இதயத்தையே தாக்கியது. பின்னர் இப்புரதத்தைத் தடுக்க உருவாக்கப்பட்ட வால்ஸ்போடார் என்னும் மருந்து, புற்றுநோய் மருந்துகள் உடலிலிருந்து நீங்குவதைத் தாமதப்படுத்தி, அவற்றின் நச்சுத்தன்மையைக் கூட்டியது. இயற்கையில் விளைந்தவை என்பதாலேயே தாவரச் சேர்மங்கள் இவ்விடரிலிருந்து தப்பிவிடமாட்டா. உடலைக் காக்கும் அதே புரதத்தை அவையும் தடுக்கின்றன என்பதை மறக்கலாகாது.

ஆகவே, ஒரு சேர்மம் செல்களில் செயல்படும் செறிவு, உட்கொண்டபின் குருதியில் எட்டக்கூடியதா என்பதை ஆய்வாளர் முதலிலேயே அளந்தறிதல் வேண்டும். தாவரச் சாற்றின் உட்கூறுகளைத் தெளிவாக வரையறுத்தல் வேண்டும். நலமான செல்களில் அதன் விளைவையும் உடன் ஆராய்தல் வேண்டும். சிகிச்சை பெறுவோர், மிளகுச் சாறோ மஞ்சள் மாத்திரையோ எதுவாயினும், மருத்துவரிடம் கூறாமல் மருந்தளவில் உட்கொள்ளலாகாது என்ற செய்தியைக் இப்பகுதியிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஊருக்கும் எடுத்துச் செல்வதும் இங்குக் கூடியுள்ள அறிஞர்களின் கடமையாகும். நம்பிக்கையை ஆதாரத்தோடு மட்டுமே மக்களிடம் சேர்க்குமாறு இக்கருத்தரங்கு அனைவரையும் வேண்டுகிறது.